எடுத்த உலோகம் எங்கே போகிறது?

வேளாண் கழிவுக் கரியும் நீரில் கரைந்த உலோக அயனிகளும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தம் முன்னோர் நினைவாகக் கல்லூரியில் ஒரு நிதியை வைத்து, ஆண்டுதோறும் ஓர் அறிவியல் பொருளைப் பற்றிப் பேசச் செய்வது பெரிய கொடை.  அப்படி நிறுவிய இந்த அறக்கட்டளையார், பேசும் பொருளை நானே தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். இந்த அரங்கில் இருக்கும் ஆய்வு மாணவர்களில் பலர் கைப்பட்டுப் பழகிய பொருளையே தேர்ந்துகொண்டேன். தென்னை நார்க்கழிவு, நிலக்கடலைத் தோல், உமி, கரும்புச் சக்கை, பருத்திமார் போன்றவற்றைக் கரியாக்கி, அந்தக் கரியைக் கொண்டு நீரில் கரைந்திருக்கும் ஈயம், காட்மியம், நிக்கல், குரோமியம் ஆகியவற்றை நீக்குவது பற்றியே இன்று பேசப் போகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீரிலிருந்து உலோகத்தை எடுப்பது வேலையில் பாதிதான். எடுத்த உலோகம் அடுத்து எங்கே போகிறது என்பது மறுபாதி. முதல் பாதியை நம் ஆய்வகங்கள் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டன. மறுபாதிக்கு உரிய இடத்தை இன்னும் நாம் கொடுக்கவில்லை.

உலோகத்துக்கு அழிவில்லை

சாக்கடை நீரில் கலந்த கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். பூச்சிக்கொல்லி மருந்துகூட வெயிலிலும் மண்ணிலும் காலப்போக்கில் சிதையும். உலோகம் அப்படிச் சிதைவதில்லை. ஈயம் ஒரு தனிமம். எரித்தாலும் புதைத்தாலும் அமிலத்தில் கரைத்தாலும் அது ஈயமாகவே இருக்கும். அதன் வேதி வடிவத்தை மாற்றலாம், இருக்கும் இடத்தை மாற்றலாம். இல்லாமல் ஆக்க நம்மால் முடியாது. இன்று நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒன்றுதான்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒரு லிட்டரில் ஈயம் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003, பாதரசம் 0.001, நிக்கல் 0.02, மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. இந்த எண்களை வேறு விதமாகப் பாருங்கள். 1 கிராம் ஈயம் கரைந்தால் 1 லட்சம் லிட்டர் நீர் இந்த வரம்பைத் தொட்டுவிடும். அந்த நீர் பளிங்குபோல் இருக்கும், வாடை இருக்காது, நாக்குக்கும் எதுவும் தெரியாது. தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த நம் முன்னோரின் அறிவு மெச்சத் தக்கது. அது மிதக்கும் மண்துகளைத் திரட்டிப் படியவைக்கும் அறிவு. கரைந்துபோன அயனி அந்தத் தெளிந்த நீரிலும் இருக்கும்.

இதற்கு நாடுகள் கொடுத்த விலை பெரிது. ஜப்பானில் ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் நெல்லில் சுரங்கத்துக் காட்மியம் ஏறியது. அதை உண்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. 1968இல் ஜப்பான் அரசு அதை மாசால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. அந்நாட்டின் மினமாட்டா ஊரில் பாதரச நோய் அதற்கு முன்பே, 1956இல் வெளியே தெரிய வந்தது. நம் ஊரில் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறியையும், தீங்கு வருமுன் காக்க வேண்டும் என்ற நெறியையும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. பின்னால் வந்த எத்தனையோ சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு அது வழிகாட்டியாக இருக்கிறது.

அதே வட்டாரத்தில் ராணிப்பேட்டை இருக்கிறது. அங்கே குரோமேட் உப்புகள் செய்த ஆலை ஒன்று 1990களிலேயே மூடப்பட்டது. ஆலை மூடிய பிறகும், ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அதன் வளாகத்தில் பல்லாண்டுகள் திறந்த வெளியில் கிடந்தது. ஒவ்வொரு மழையிலும் அறுமதிப்புக் குரோமியம் கரைந்து நிலத்தடிக்கு இறங்கியது. ஆலையில் யாரும் அந்தக் குரோமியத்தை ஆற்றில் ஊற்றவில்லை. பிரித்தெடுத்து ஒரு பக்கமாகக் குவித்துத்தான் வைத்தார்கள். எடுத்து வைத்ததே பின்னாளில் இறங்கியது. அந்தக் குவியலை மனத்தில் வைத்துக்கொண்டு கரிக்கு வருவோம்.

கரியின் கதை

கரி நிறத்தை ஈர்க்கும் என்பதை 1785இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டோபியாஸ் லோவிட்ஸ் என்ற மருந்தாளர் முறையாகக் கண்டு சொன்னார். சர்க்கரை ஆலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஃபேல் ஃபான் ஒஸ்த்ரேய்கோ, உலோகக் குளோரைடுகளைக் கலந்து சுடுவது, நீராவி அல்லது கரியமில வாயுவைச் செலுத்திச் சுடுவது என்று இரண்டு வழிகளுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் கிளர்வூட்டிய கரி, சந்தையில் ஆக்டிவேட்டட் கார்பன் என்று விற்கப்படுவது, இந்த இரண்டு வழிகளின் வாரிசுதான். முதல் உலகப் போரில் நச்சு வாயு வந்தபோது முகமூடிக்குள் வைக்கக் கரி தேவைப்பட்டது. 1918இல் அமெரிக்க மக்கள் பீச் பழக் கொட்டைகளையும் பிற ஓடுகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தேங்காய்த் தொட்டியின் கரி மற்றவற்றைவிட நன்றாக வேலை செய்தது. காங்கேயம் வட்டாரத்துத் தொட்டிக்கரி உலகச் சந்தையில் இன்று பெறும் மதிப்புக்கு வேர் அங்கே இருக்கிறது.

நல்ல கிளர்வூட்டிய கரி 1 கிராமுக்கு 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை உட்பரப்பு உண்டு. 2 நானோமீட்டருக்கும் குறுகிய நுண்துளைகளே இதில் பெரும்பங்கு தருகின்றன. இந்த எண்ணைக் கேட்டதும் வியந்து, பரப்பு கூடினால் உலோகமும் கூடுதலாக ஒட்டும் என்று பல மாணவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். வாயுவுக்கும் சாயத்துக்கும் கரிம மூலக்கூறுக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். உலோக அயனிக்கு இன்னொன்று வேண்டும். அயனி மின்னூட்டம் உடையது. நீர் மூலக்கூறுகளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வருவது. அதைப் பிடித்து நிறுத்தக் கரியின் பரப்பில் கார்பாக்சில், ஃபீனால் போன்ற ஆக்சிஜன் தொகுதிகள் இருக்க வேண்டும். வெப்பத்தை ஏற்றிக் கொண்டே போனால் துளைகள் பெருகும், இந்தத் தொகுதிகள் உதிர்ந்துபோகும். ஆகவே உட்பரப்பு குறைந்த ஓர் அமிலக் கரி, விலை உயர்ந்த வணிகக் கரியைவிட ஈயத்தைக் கூடுதலாகப் பிடிப்பதில் வியப்பில்லை.

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயம் அவர்களும் அவருடைய மாணவர்களும் 1990களில் செய்த ஆய்வுகள் இந்த இடத்தில்தான் முக்கியமாகின்றன. நிலக்கடலைத் தோலைக் கந்தக அமிலத்தால் கரியாக்கி, பைகார்பனேட்டில் ஊறவைத்து, பாதரசத்தையும் காட்மியத்தையும் நீக்கிக் காட்டினார்கள். பிறகு தென்னை நார்க்கழிவைக் கரியாக்கினார்கள். 2001இல் வெளிவந்த கட்டுரையில், ஆய்வகத்தில் கலக்கிய கரைசலோடு நிற்காமல், தொழிற்சாலைகளிலிருந்து வந்த உண்மையான கழிவுநீரில் அந்தக் கரியைச் சோதித்தார்கள். பிஎச் 2இலிருந்து 6 வரை உயர உயர நீக்கும் விழுக்காடு கூடுவதையும் பதிவு செய்தார்கள். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்களின் ஓரத்தில் மலையாகக் கிடந்த பொருள் அது. லிக்னின் மிகுந்ததால் எளிதில் மக்காமல், மழைக்குச் சாறு இறங்கிக் கிணறுகளைக் கெடுத்துக்கொண்டிருந்த பொருள். அதை நீரைக் காக்கும் பொருளாக மாற்றலாம் என்று காட்டியது பெரிய சிந்தனை. அந்த வழியில்தான் நம் கல்லூரிகளில் நூற்றுக்கணக்கானோர் நடந்திருக்கிறார்கள்.

பிடிக்கும் விதம்

கரியின் பரப்பு மின்னூட்டம் பிஎச் அளவைப் பொறுத்தது. ஒவ்வொரு கரிக்கும் அதன் நிகர மின்னூட்டம் சுழியாகும் ஒரு பிஎச் உண்டு. அதற்குக் கீழே பரப்பு நேர்மின்னூட்டம் கொள்ளும், மேலே எதிர்மின்னூட்டம் கொள்ளும். ஈயம், காட்மியம், நிக்கல், தாமிரம் எல்லாம் நேர்அயனிகள். அமிலம் மிகுந்த நீரில் ஹைட்ரஜன் அயனிகள் இடங்களை அடைத்துக்கொள்ளும், உலோகம் உள்ளே வர முடியாது. பிஎச் 5, 6 என்று வரும்போது கார்பாக்சில் தொகுதி தன் ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்து உலோகத்தை ஏற்கும். இது பெரும்பகுதி அயனிப் பரிமாற்றம்.

பிஎச் அளவை இன்னும் உயர்த்தினால் நீக்கம் 100 விழுக்காட்டை நெருங்கும். அங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. அந்த நிலையில் ஈயமும் நிக்கலும் ஹைட்ராக்சைடாகத் தாமாகவே வீழ்படிந்துவிடலாம். கரியே போடாத குடுவையிலும் உலோகம் குறைந்திருக்கும். கரி போடாத ஒப்பீட்டுக் குடுவையை வைக்காத ஆய்வில், பிஎச் அளவை உயர்த்தச் சேர்த்த காரம் செய்யும் வேலையைக் கரியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

அறுமதிப்புக் குரோமியத்தின் நடத்தை நேர்மாறானது. அது நீரில் ஆக்சிஜனோடு சேர்ந்த எதிர்அயனியாக இருக்கும். பிஎச் 2 அளவில் கரியின் நேர்மின்னூட்டப் பரப்பு அதை இழுக்கும். இழுத்ததோடு நிற்காமல், கரி தன் எலக்ட்ரான்களைக் கொடுத்து அதை மும்மதிப்புக் குரோமியமாக ஒடுக்கும். புற்றுநோய் உண்டாக்கும் வடிவம், நச்சு மிகக் குறைந்த வடிவமாக மாறுகிறது. நல்ல செய்திதான். ஆனால் டைஃபீனைல்கார்பசைடு சேர்த்து ஊதா நிறத்தை 540 நானோமீட்டரில் அளக்கும் முறை அறுமதிப்பு வடிவத்தை மட்டுமே காட்டும். நிறம் மறைந்ததும் குரோமியம் முழுதும் நீங்கியதாக எழுதிவிடுகிறோம். ஒடுங்கிய மும்மதிப்புக் குரோமியத்தில் ஒரு பங்கு அந்த அமில நீரிலேயே கரைந்து நிற்கும். அணு உட்கவர் நிறமாலைமானியில் மொத்தக் குரோமியத்தையும் அளந்தால்தான் உண்மை தெரியும். இளம் ஆய்வாளர்களே, குரோமியத்தைத் தொடும் எந்த ஆய்வேட்டிலும் இந்த இரண்டு அளவுகளும் அடுத்தடுத்து இருக்க வேண்டும்.

குடுவை சொல்லாதவை

100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் ஓர் உலோக உப்பை மட்டும் கரைத்து, கரியைப் போட்டுக் குலுக்கி, வடிகட்டி அளக்கிறோம். லாங்மியர் சமன்பாட்டில் பொருத்தி, ஒரு கிராம் கரி அதிக அளவாக இத்தனை மில்லிகிராம் பிடிக்கும் என்று ஓர் எண்ணைத் தருகிறோம். 1918இல் லாங்மியர் தந்த அந்தச் சமன்பாடு அழகானது. கல்யாணப் பந்தியில் நூறு இலை போட்டிருந்தால் ஒரு பந்திக்கு நூறு பேர்தான் உட்கார முடியும், வாசலில் கூட்டம் முண்டியடித்தால் எல்லா இலையும் நிரம்பும், வருவோர் குறைந்தால் பல இலைகள் காலியாகவே கிடக்கும் என்பதுதான் அதன் சாரம். உச்ச அளவு என்பது கூட்டம் முண்டியடிக்கும்போது கிடைப்பது. நமக்கு வேண்டிய நீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குக் கீழே ஈயம் இறங்க வேண்டும். அந்தச் செறிவில் அதே கரி உச்ச அளவில் ஒரு சிறு பங்கையே பிடிக்கும். ஆய்வேட்டின் சுருக்கத்தில் முதலில் வர வேண்டிய எண், தேவையான கடைசிச் செறிவில் கரி எவ்வளவு பிடிக்கிறது என்பதே.

அடுத்தது போட்டி. நம் கிணற்று நீர் கடின நீர். குடிநீரில் கால்சியம் 75 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது தர அளவு. பல ஊர்களில் அதற்கு மேலும் இருக்கிறது. 75 மில்லிகிராம் கால்சியம் உள்ள நீரில் 0.05 மில்லிகிராம் ஈயம் இருந்தால், ஈயத்தைப் போல் எடையில் 1,500 மடங்கு கால்சியம் அதே இடங்களுக்கு வந்து நிற்கிறது. ஈயத்தின் மீது கரிக்குத் தனிப் பிடிப்பு இருப்பது உண்மை. எவ்வளவு என்பதைக் கால்சியமும் மெக்னீசியமும் கலந்த நீரில் அளந்தால்தான் தெரியும்.

வணிகக் கரியை அயோடின் எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். அது சிறிய மூலக்கூறு புகும் நுண்துளைகளின் அளவுகோல். குளோரின் வாடையையும் கரிமப் பொருளையும் நீக்க அது உதவும். உலோகத்தைப் பற்றி அது எதையும் சொல்லாது. ஆகவே வீட்டுச் சுத்திகரிப்பானில் கரி இருக்கிறது என்பதால் ஈயமும் ஆர்சனிக்கும் நீங்கிவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். வங்கதேசத்தில் ஆர்சனிக் நீருக்காக வேதியியலாளர் அபுல் ஹுசாம் வடிவமைத்த சோனோ வடிகட்டியில் மரக்கரி இருக்கிறது. ஆனால் ஆர்சனிக்கைப் பிடிப்பது அதிலுள்ள இரும்புக் கலவை. எந்தப் பொருளுக்கு எந்த வேலை என்று பிரித்து அறிந்து செய்ததால்தான் வாளிகளால் ஆன அந்த எளிய அமைப்புக்கு 2007இல் கிரேஞ்சர் பரிசு கிடைத்தது.

எடுத்தது எங்கே போகிறது?

இனி மறுபாதிக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிக்கல் முலாம் பூசும் சிறு பட்டறை ஒன்று நாளுக்கு 10,000 லிட்டர் அலசு நீரை வெளியேற்றுகிறது, அதில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கல் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 200 கிராம் நிக்கல். நடைமுறைச் செறிவில் ஒரு கிராம் கரி 20 மில்லிகிராம் பிடிக்கும் என்றால் நாளுக்கு 10 கிலோ கரி வேண்டும். 300 வேலை நாளில் 3 டன். ஆண்டு முடிவில் பட்டறைக்காரரின் கொல்லையில் 60 கிலோ நிக்கலைச் சுமந்த 3 டன் கரி கிடக்கும். நீர் சுத்தமாகிவிட்டது. கூடவே நச்சுக் கழிவு ஒன்றும் உருவாகிவிட்டது. அவர் அதை என்ன செய்வார்?

கரிதானே என்று கொதிகலனிலோ செங்கல் சூளையிலோ போட்டுவிடும் ஆசை இயல்பாக வரும். அதைச் செய்யவே கூடாது. பாதரசம் 357 டிகிரியிலேயே கொதிக்கும். காட்மியம் 767 டிகிரியில் கொதிக்கும். இரண்டும் புகையோடு ஊர்மேல் போகும். மும்மதிப்புக் குரோமியம் காரச் சாம்பலோடு சேர்ந்து காற்றில் சூடேறினால் மறுபடி அறுமதிப்புக் குரோமியமாகலாம். குப்பை மேட்டில் கொட்டினால், மக்கும் குப்பையின் அமிலச் சாறு கரியிலிருந்து உலோகத்தைக் கழுவி இறக்கும். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் அயனி உள்ளே வந்து உலோகத்தை வெளியே தள்ளும் என்பதைப் பிடிக்கும் விதத்தைப் பேசும்போதே பார்த்தோம். அபாயக் கழிவு விதிகளின்படி அதைக் கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாப்பான நிலநிரப்புக் களத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குக் கட்டணமும் லாரி வாடகையும் உண்டு. மலிவான கரி என்று தொடங்கிய கதை அங்கே மலிவாக முடிவதில்லை.

இதே கரியை, இதே தேங்காய்த் தொட்டிக் கரியை, உலகின் தங்கச் சுரங்கங்கள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்று பாருங்கள். தாதுவைச் சயனைடு கரைசலில் கரைக்கும்போது கிடைப்பது லிட்டருக்குச் சில மில்லிகிராம் தங்கம். நம் அலசு நீரின் நிக்கலைவிடக் குறைவு. அந்தச் சேற்றுக் கரைசலில் தொட்டிக்கரியைப் போட்டுத் தங்கத்தைப் பிடிக்கிறார்கள். ஒரு டன் கரியில் சில கிலோ தங்கம் ஏறும். பிறகு சூடான காரக் கரைசலால் தங்கத்தைக் கழுவி இறக்கி, மின்னாற்பகுப்பில் உலோகமாக எடுக்கிறார்கள். கரியை உலையில் சுட்டு மீண்டும் கிளர்வூட்டிச் சேற்றுக் கரைசலுக்கே திருப்புகிறார்கள். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் 1973இல் இது பெரிய அளவில் தொடங்கியது. கரி சுற்றிக்கொண்டே இருக்கிறது, தங்கம் பெட்டிக்குப் போகிறது. அங்கே யாரும் கரியைக் கொல்லையில் கொட்டுவதில்லை.

தங்கத்துக்குக் காட்டும் கவனத்தை ஈயத்துக்கும் நிக்கலுக்கும் ஏன் காட்டுவதில்லை? தங்கத்தை இழந்தால் முதலாளிக்கு இழப்பு. ஈயத்தை இழந்தால் கீழ்க்கரைக் கிணற்றுக்காரருக்கு இழப்பு. அறிவியல் இரண்டிலும் ஒன்றேதான். நம் பட்டறையில் ஒரு நாளில் நிக்கல் ஏறிய கரியை 100 லிட்டர் நீர்த்த அமிலத்தால் கழுவி, 200 கிராமும் இறங்கினால், லிட்டருக்கு 2 கிராம் நிக்கல் கிடைக்கும். 20 மில்லிகிராமில் இருந்தது நூறு மடங்கு செறிந்துவிட்டது. இந்தச் செறிவில் அதை மின்னாற்பகுப்பால் மீட்கலாம், உப்பாகத் திரும்ப எடுக்கலாம். கரியைக் கழுவி நடுநிலையாக்கி மறுபடியும் பயன்படுத்தலாம். எத்தனை சுற்று தாங்கும், ஒவ்வொரு சுற்றிலும் பிடிப்புத் திறன் எவ்வளவு குறைகிறது என்பவைதான் அந்தக் கரியின் விலையைத் தீர்மானிக்கும் கேள்விகள்.

கரியே வேண்டாத இடமும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். குரோம் தோல் பதனிடலில் தோல் ஏற்காத குரோமியம் லிட்டருக்குக் கிராம் கணக்கில் தொட்டியில் மிஞ்சும். அந்த நீரைத் தனியாகச் சேகரித்து, மெக்னீசியம் ஆக்சைடால் வீழ்படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி பதனிடவே பயன்படுத்தும் முறையைச் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஆலைகளுக்குக் கொண்டு சேர்த்தது. செறிவு மிகுந்த நீரில் கரியைப் போடுவது கரிக்கும் வீண், குரோமியத்துக்கும் வீண். வீழ்படிவு முறை தன் வேலையை முடித்த பின் மிஞ்சும் சொற்ப உலோகத்தை நீக்குவதே கரிக்கு உரிய கடைசிப் படி.

கழிவு என்று சொல்லலாமா?

ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரையில் மூலப்பொருள் இலவசம் என்று ஒரு வரி தவறாமல் வரும். நார்க்கழிவு இன்று கழுவி, உலர்த்தி, கட்டியாக அழுத்தி, மண்ணில்லா வேளாண்மைக்கு ஏற்றுமதி ஆகிறது. உமி அரிசி ஆலைக் கொதிகலனின் எரிபொருள். கரும்புச் சக்கை சர்க்கரை ஆலையின் மின்சாரம். மரவள்ளித் திப்பி மாட்டுத் தீவனம். விவசாயிக்கும் ஆலைக்கும் இவை வருமானம். நாம் அவற்றைக் கேட்டால் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும், கொடுக்கவும் வேண்டும்.

செய்முறைக்கும் விலை உண்டு. குழியில் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கும் இடங்களில் புகையும், கரியை அணைக்க ஊற்றிய நீரில் இறங்கும் தாரும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களைப் பாதிக்கின்றன. கந்தக அமிலத்தால் கரியாக்கினால் அமிலம் போகும்வரை கழுவ வேண்டும், அந்தக் கழுவுநீர் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. உமியின் நிலை வேறு. எரிந்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. ஆகவே உமிக்கரியின் நடத்தை தொட்டிக்கரியின் நடத்தையாக இராது. ஒரு கிலோ கரி செய்ய எவ்வளவு அமிலம், எவ்வளவு நீர், எத்தனை யூனிட் மின்சாரம் என்ற அட்டவணை இல்லாமல் மலிவு என்று எழுதுவது நியாயமில்லை.

என்ன செய்யலாம்?

இவற்றைச் சொல்வது இந்த ஆய்வை விட்டுவிடச் சொல்வதற்காக இல்லை. கரிக்கு மிகப் பொருத்தமான ஓர் இடம் நம் ஊர்களிலேயே இருக்கிறது. கோவையிலும் சென்னைப் புறநகர்களிலும் சிறு முலாம் பட்டறைகள் நெருங்கி இருக்கின்றன. ஒவ்வொரு பட்டறையும் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. அவற்றின் அலசு நீரில் பெரும்பாலும் ஒரே உலோகம்தான் மேலோங்கி நிற்கும், செறிவும் குறைவு. ஒவ்வொரு பட்டறையிலும் கரி நிரப்பிய ஓர் உருளையை வைக்கலாம். நிறைந்ததும் அதைக் கழற்றி, பொதுவான ஒரு மீட்பு நிலையத்துக்கு அனுப்பி, வேறொன்றை மாட்டலாம். சமையல் எரிவாயு உருளை வீடுவீடாகச் சுற்றுவதற்குப் பழகிய சமூகத்துக்கு இது புதிதில்லை. மீட்பு நிலையம் அமிலத்தால் உலோகத்தை இறக்கி உப்பாக்கிப் பட்டறைகளுக்கே விற்கலாம். அதற்கு மேல் பயன்படாத கரியை மட்டும் கணக்கு வைத்துப் பாதுகாப்பான களத்துக்கு அனுப்பலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எத்தனை உருளை போனது, எத்தனை வந்தது என்று எண்ணினாலே உலோகம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இதற்கு வேண்டிய அறிவின் பெரும்பகுதி உங்கள் ஆய்வகங்களில் இருக்கிறது. இல்லாத பகுதியை நிரப்ப ஆய்வின் கேள்விகளை மாற்ற வேண்டும். புதிதாக இன்னொரு கொட்டையை, இன்னொரு தோலை எடுத்துக் கரியாக்கி அதன் உச்ச அளவைச் சொல்வதோடு ஓர் ஆய்வேடு முடியக் கூடாது. ஆய்வு மாணவர்களிடமும் அவர்களுடைய நெறியாளர்களிடமும் நான் கேட்பது இவைதான். பட்டறையின் உண்மையான நீரைக் கொண்டுவந்து சோதியுங்கள், கால்சியம் உள்ளதையும் கலங்கல் உள்ளதையும். குலுக்கும் குடுவையோடு நிற்காமல், குழாயில் கரியை நிரப்பி நீரை ஓடவிட்டு, உலோகம் மறுமுனையில் எட்டிப்பார்க்கும் நேரத்தை அளந்து சொல்லுங்கள். கழுவி இறக்கி மீண்டும் ஏற்றும் சுற்றுகளை வரிசையாகத் தாருங்கள். கடைசியாக ஓர் உலோகக் கணக்கு எழுதுங்கள். நீரில் வந்தது இத்தனை கிராம், தெளிந்த நீரில் போனது இத்தனை, மீட்ட உப்பில் இத்தனை, கழிந்த கரியில் இத்தனை என்று. வரவும் செலவும் ஒத்து வர வேண்டும். ஒத்து வராத அந்த வித்தியாசம் யாரோ ஒருவர் குடிக்கும் நீரில்தான் இருக்கும்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேளாண் கழிவுக் கரி பற்றிய ஆய்வேட்டைத் தேர்வுக்கு ஏற்கும் முன் இந்த உலோகக் கணக்குப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. இருக்கும் நிறமாலைமானியில் இன்னும் சில மாதிரிகளைப் போட்டால் போதும். அப்படி ஒரு பக்கம் எல்லா ஆய்வேடுகளிலும் வந்துவிட்டால், எந்தக் கரி பட்டறைக்குப் போகத் தகுந்தது என்பதைத் தொழில்முனைவோர் தாமே பார்த்துத் தேர்ந்துகொள்வார்கள்.

நம் வயலில் மிஞ்சியதைக் கொண்டு நம் நீரைக் காக்கலாம் என்ற எண்ணம் உயர்ந்தது, நம்பத் தகுந்தது. அந்த நம்பிக்கைக்கு உரிய வேலையை முழுதாகச் செய்து முடிக்கும் வேதியியலாளர்கள் இந்தக் கல்லூரியிலிருந்து வர வேண்டும் என்று விரும்புகிறேன்.